கயிற்றை யார் விடுவது

நெடுந்தீவின் மேற்குக் கரையோரமாக மாவிலித்துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் பாதி கட்டிய கல்வேலி ஒன்று நின்றது. அதைக் கட்டத்தான் என்னைக் கூட்டிவந்திருந்தார்கள். பவளக்கல்லைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வேலை அது. கல்லின் சொரசொரப்பு விரல் நுனிகளை உரித்துவிட்டது. சோறு குழைத்து வாயில் வைக்க முடியவில்லை. வேலிக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர். கரண்டி ஒன்று தந்தார். ஆனாலும் ஓரிடத்தில் நிலைத்து இருக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. காலையில் உடுப்பு மூட்டையைத் தோளில் போட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். துறையில் வள்ளம் பிடித்தால் புங்குடுதீவு. அதற்குப் பிறகு எங்கே என்பதை வள்ளத்தில் இருந்து யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இந்த வேலைக்கு எந்தப் படிப்பு முக்கியம் என்று கேட்டீர்கள். நான் படித்தது ஏழாம் வகுப்பு. சிங்களம் படித்தது தென்பகுதியில் ஒரு சுருட்டுக்கடையில். தீவுப்பகுதிக்காரர் ஒருவருடைய கடை. பகல் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேச்சு, இரவில் சிங்களப் பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கடைக்குள்ளேயே படுக்கை. கலவரத்தில் கடை போனது, முதலாளி போனார், நான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். சிங்களம் மட்டும் என்னோடு வந்தது. அதற்குப் பிறகு சூளையில் சுண்ணாம்பு சுட்டேன், ஊர்காவற்றுறையில் மூட்டை சுமந்தேன், கல் அடுக்கினேன். அந்த மொழியை வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. ஆகவே படிப்பைப் பற்றி என்னிடம் கேட்பதில் பயனில்லை. அன்று அந்தக் கரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. கச்சதீவு யாருடையது என்று இந்தியாவும் இலங்கையும் பேசிக்கொண்டிருந்த காலம். இரண்டும் நட்பு நாடுகள். தலைவர்கள் கைகுலுக்குகிற படம் பத்திரிகையில் வரும். அதே பத்திரிகையின் உள்பக்கத்தில், அந்தத் தீவை விட்டுக் கொடுக்க மாட்டோம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் யாராவது பேசியிருப்பார்கள். மேலே உள்ளவர்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டார்கள். கீழே இருந்த அதிகாரிகளுக்கு மட்டும், கடலைப் பற்றி எதை எழுதினாலும் பார்த்து எழுது என்று இரண்டு நாட்டிலும் உத்தரவு வந்திருந்தது.

கரை திரும்புகிற இடத்தில் பாயைக் கழிகளில் கட்டி நிழல் செய்திருந்தார்கள். சனம் நின்றது. நிழலுக்குள் ஒருவர் வெள்ளை வேட்டியால் மூடப்பட்டுக் கிடந்தார். முதல்நாள் பின்னேரம் கடல் கொண்டுவந்து போட்ட உடல். அதைக் கண்டெடுத்த சூசை அண்ணை என்ற கடற்றொழிலாளி பக்கத்தில் குந்தியிருந்தார். உடலின் தலைமாட்டில் இன்னொருவர் இருந்தார். அவர் பாம்பன் பக்கத்தவர், பெயர் காளிமுத்து. தம்பியைத் தேடி இரண்டு பேரோடு வள்ளத்தில் வந்து, கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்து அடையாளம் கண்டிருந்தார். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரும் பார்த்துவிட்டார். உடலில் வெட்டுக்குத்து இல்லை. பாய்மரம் அடித்து விழுந்திருக்க வேண்டும் என்று காளிமுத்துவும் சொன்னார். யாருக்கும் யார்மீதும் சந்தேகம் இல்லை.

அப்படியிருந்தும் உடல் அங்கேயே கிடந்தது. காரைநகரிலிருந்து அரசாங்க இயந்திரப் படகான லோஞ்சில் ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே நின்ற யாருக்கும் சிங்களம் தெரியாது. அவரும் காளிமுத்துவும் கையைக் காட்டிக் காட்டிப் பேசி, இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிட்டிருந்தது.

“இஞ்சை ஆருக்கும் சிங்களம் ஓடாதே?” என்று சூசை அண்ணை சனத்தைப் பார்த்துக் கேட்டார்.

“எனக்குக் கொஞ்சம் தெரியும்,” என்றேன்.

அவர் என் மூட்டையைப் பார்த்தார். “நீர் வேலி கட்ட வந்த ஆளெல்லே?”

“ஓம்.”

“வேலியை விட்டிட்டு வாறீரோ?”

“ஓம்.”

“நல்லதாப் போச்சு. மூட்டையை வைச்சிட்டு இஞ்சை வாரும்.”

இந்த வேலைக்கு என்னை நேர்முகத் தேர்வு செய்தது அவ்வளவுதான்.

அதிகாரி முதலில் சொல்லச் சொன்ன வசனமே கோபமான வசனம். உடலைக் கழுவி, உடுப்பை மாற்றி, வேட்டி போர்த்து வைத்திருந்தார்கள். விசாரிக்க வருகிறவர் கண்டெடுத்தபடியே பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். இப்படித் தொட்டுத் துடைத்து வைப்பது தீவுச் சனம் எப்போதும் செய்கிற பிழை. “இதைத் தொடச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது என்று கேள்,” என்றார். அதை நான் மெதுவாக்கவில்லை. அப்படியே கேட்டேன்.

சூசை அண்ணை எழும்பினார். “ஆரும் சொல்லேல்லை. நாய் வருமெண்டு தூக்கினனாங்கள். கண்ணுக்குள்ளை மண் கிடந்தது, துடைச்சனாங்கள். அவரின்ரை தம்பியெண்டா அவர் என்ன செய்திருப்பார், கேளும்.”

இதையும் நான் அப்படியே சொன்னேன். கடைசி வசனத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், விடவில்லை. அதிகாரி சூசை அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த விடயத்தை அவர் பேசவே இல்லை. நான் கேள்வியை மெதுவாக்கியிருந்தால் பதிலும் மெதுவாகத்தான் வந்திருக்கும், அவர் தொப்பியைக் கழற்றியிருக்க மாட்டார். கோபத்தைக் கடத்துவதற்குப் பயப்படாதீர்கள். சேர்த்துக் கொடுக்காதீர்கள், குறைத்தும் கொடுக்காதீர்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. உடலை ஒப்படைக்க ஒரு வாக்குமூலம் வேண்டும். அதில் இறந்த இடம் எழுத வேண்டும். காளிமுத்து சொன்னபடி, தம்பியோடு தொழிலுக்குப் போனவர்கள் அவரைக் கடைசியாகக் கண்டது கச்சதீவுக்கு மேற்கே. அதிகாரிக்கு வந்திருந்த உத்தரவு, அந்தப் பக்கம் நடந்தது எதை எழுதினாலும் ‘இலங்கைக் கடற்பரப்பில்’ என்று சேர்த்து எழுத வேண்டும் என்பது. அப்படி எழுதி, காளிமுத்துவின் கைநாட்டை வாங்க வேண்டும்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் காளிமுத்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அண்ணே, அது மட்டும் என்னால முடியாதுண்ணே. எங்க ஊர்ல ஆபீசருங்க கூப்பிட்டு வச்சுச் சொல்லியிருக்காங்க. அந்தப் பக்கத்துக் காகிதம் எதுலயும் கைநாட்டு வைக்காதீங்க, கடல் அவுங்களதுன்னு சொன்னா வள்ளத்துக்கு உரிமம் கெடையாதுன்னு. நாலு வீடு அந்த வள்ளத்துலதான் சாப்பிடுது. தம்பியும் போயி வள்ளமும் போனா எப்படிண்ணே?”

அதிகாரி கேட்டுவிட்டு, “கையொப்பம் இல்லாமல் என்னால் ஒப்படைக்க முடியாது. ஒப்படைத்தால் என் வேலை போகும்,” என்றார். மிரட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். அதையும் நான் காளிமுத்துவிடம் சொன்னேன். “அவரு பொழப்பும் பொழப்புதானே,” என்றார் காளிமுத்து. சொல்லிவிட்டு வேட்டியை விலக்கித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். “எங்கம்மா மொகத்தப் பாக்காம விடமாட்டா. இன்னைக்குப் பொழுதுக்குள்ள கொண்டுபோனாத்தான் மொகம்னு ஒண்ணு இருக்கும்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடலிலிருந்து நாற்றம் வரத் தொடங்கிவிட்டிருந்தது. அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்தார். பிறகு காளிமுத்து பார்க்கிறார் என்று கண்டு அதை எடுத்துவிட்டார். அங்கேயே புதைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். காளிமுத்து அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சனத்துக்குள் நின்ற ஒருவர், துறைக்கடை வைத்திருப்பவர், என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். 

“தம்பி, உமக்கு மூளை இல்லையே? அந்தாளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ‘கடலிலை செத்தார் எண்டுதான் எழுதியிருக்கு, கைநாட்டை வையும்’ எண்டு சொல்லும். அவர் வைப்பார். துரைக்கும் சந்தோசம், அவருக்கும் பிணம் கிடைக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த நேரத்தில் அது பிழை என்றே எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் என் வாயைத்தான் நம்பி நின்றார்கள். ஒரு வசனத்தை மாற்றினால் வள்ளம் புறப்பட்டுவிடும். நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். நான் உடனே இல்லை என்று சொல்லவில்லை. யோசித்தேன். காளிமுத்து வீட்டுக்குப் போவார், அம்மா முகத்தைப் பார்ப்பாள், எல்லாம் முடியும். பிறகு ஒருநாள் அவர் ஊர் அதிகாரி ஒருவர் அந்தக் காகிதத்தின் நகலை அவர் முன்னால் வாசிப்பார். தன் விரலுக்கு மேலே என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் காளிமுத்துவுக்குத் தெரியும். அன்று நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

“ஏலாது,” என்றேன்.

“அப்ப பிணம் இஞ்சையே நாறட்டும்,” என்று கடைக்காரர் போய்விட்டார்.

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. திரும்பிவந்து அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அதிகாரி மறுபடியும், “இறந்த இடம் இல்லாமல் ஒரு மரணத்தை எப்படி எழுதுவது?” என்றார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டாரா தெரியாது. பேச வாய் திறந்தவர் எதைச் சொன்னாலும் கடத்துவது என்று ஆகிவிட்டபடியால் அதையும் தமிழில் சொன்னேன்.

சூசை அண்ணைக்குச் சினம் வந்தது. “இதென்ன கதை? எங்கடை ஆக்கள் எத்தினை பேர் கடலிலை போயிருக்கினம். அவை செத்த இடம் ஆருக்குத் தெரியும்? நாங்கள் அதைக் கேக்கிறேல்லை. கரைக்கு வந்த இடத்தைத்தான் சிலுவையிலை எழுதுறது. என்ரை அப்புவுக்கும் அப்பிடித்தான் எழுதினது. வந்த இடம் எங்கடை கண்ணுக்குத் தெரியும். செத்த இடம் கடவுளுக்குத்தான் தெரியும்.”

அவர் அதை ஒரு வழியாகச் சொல்லவில்லை. ஏச்சாகச் சொன்னார். நான் ஏச்சையும் சேர்த்துச் சிங்களத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே அதிகாரி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“மல்லி, திரும்பச் சொல்.” மல்லி என்றால் தம்பி. அதுவரைக்கும் அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

திரும்பச் சொன்னேன். அவர் லோஞ்சின் ஓரத்தில் போய் இருந்து, உத்தரவுக் காகிதத்தை எடுத்து மெதுவாக வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “இறந்த இடத்தைப் பற்றி இதில் இருக்கிறது. கரை சேர்ந்த இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நெடுந்தீவு மேற்குக் கரையில் உடல் கிடைத்தது, தமையன் அடையாளம் காட்டினார், கொண்டுபோகிறார். இவ்வளவும் எழுதினால் கைநாட்டு வைப்பாரா என்று கேள்.”

காளிமுத்து என் முகத்தையே பார்த்துக் கேட்டார். “நெடுந்தீவு உங்க ஊரு. அதுல எங்களுக்கு என்ன வழக்கு? கெடைச்சது இங்கதான். அத மட்டும் எழுதுறதுன்னா வைக்கிறேன். ஆனா நீங்க ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுக் காட்டணும்.”

ஒவ்வொரு வசனமாக வாசித்துக் காட்டினேன். அவர் கைநாட்டு வைத்தார். அதிகாரி அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார். மேலே யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த மனிதரைப் பற்றி நல்லதைத்தான் சொல்வேன்.

வள்ளத்தில் உடலை ஏற்றினோம். ஆனால் அது தென்மேற்கிலிருந்து காற்று வீசும் சோளகக் காலம். பாம்பனுக்குப் போக வேண்டிய திசையிலிருந்தே காற்று அடித்துக்கொண்டிருந்தது. வரும்போது பாயை விரித்து வந்தவர்கள் திரும்பும்போது குறுக்கும் மறுக்குமாக ஓடித்தான் போக வேண்டும். பொழுதுக்குள் போக முடியாது. அடுத்த நாளும் ஆகலாம். காளிமுத்து காற்றைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதிகாரியும் காற்றைப் பார்த்தார். “லோஞ்சில் கட்டி இழுக்கலாம்,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே யோசனை வந்தது. “எதுவரைக்கும் இழுப்பது?”

இவ்வளவு நேரமும் ஒரு காகிதத்தில் எழுதாமல் தப்பிய கேள்வியைக் கடலில் கயிற்றால் எழுத வேண்டியதாகிவிட்டது. அவர் எந்த இடத்தில் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறாரோ, அதுதான் எங்கள் எல்லை என்று அவர் சொன்னதாக ஆகும். கச்சதீவுக்கு முன்னால் அவிழ்த்தால் ஒரு கதை, பின்னால் அவிழ்த்தால் வேறு கதை.

அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னபோது காளிமுத்துவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “இழுக்குற படகு ஏன் கயிறு விடணும்? இழுபடுறவந்தான் விடணும். எங்க வள்ளம் எப்பத் தாங்கும், எப்ப ஓடும்னு எங்களுக்குத்தானே தெரியும்?”

“உதுதான் இஞ்சையும் முறை,” என்றார் சூசை அண்ணை. “கயிறு போட்டவன் விடுறேல்லை. போட்டவன் விட்டா, அந்தரத்திலை விட்டிட்டான் எண்டு கரையிலை பேசுவினம்.”

அதிகாரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அன்று முழுவதிலும் அவர் சிரித்தது அப்போதுதான். “அப்படியென்றால் நான் விடச் சொல்ல வேண்டியதில்லை,” என்றார். “நீயும் ஏறு மல்லி. இடையில் பேச ஆள் வேண்டும்.”

சூசை அண்ணை என் மூட்டையை லோஞ்சுக்குள் எறிந்தார். “வேலியைத்தான் விட்டிட்டு வந்தீர், இவரை விடாமல் கொண்டுபோய்ச் சேரும்,” என்றார்.

லோஞ்ச் முன்னால், வள்ளம் பின்னால். கயிறு இறுகித் தண்ணீர் தெறித்தது. காளிமுத்து உடலின் மேல் தண்ணீர் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கச்சதீவு ஒரு தாழ்ந்த பச்சைக் கோடாகத் தெரிந்தது, கிட்ட வந்தது, பக்கத்தால் போனது. அது கடந்ததும் இயந்திரக்காரர் வேகத்தைக் குறைத்து அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வள்ளத்தைப் பார்த்தார். காளிமுத்துவின் கை கயிற்றுக்குப் போகவில்லை.

“கேட்டுப் பார்,” என்றார் அதிகாரி.

நான் பின்புறம் போய்க் கைகளைக் குவித்துக் கத்தினேன். “அண்ணை, விடலாமோ?”

அவர் தலையை ஆட்டினார். முன்னால் கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம்.

“இன்னும் கொஞ்சம் என்கிறார்,” என்றேன். அதிகாரி ஒரு கணம் நின்றார். பிறகு இயந்திரக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். லோஞ்ச் மறுபடி இழுத்தது. கரை எதுவும் தெரியவில்லை. அந்தத் தூரத்தை நான் எப்படி அளப்பேன்? பயத்தால்தான் அளக்கலாம்.

பிறகு தென்மேற்கில் பாய்கள் தெரிந்தன. இரண்டு, மூன்று. காளிமுத்து வள்ளத்தில் எழுந்து நின்று தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். அவருடைய ஊர் வள்ளங்கள், இவர்களைத் தேடி வந்திருந்தன. அவை நெருங்கிவந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டதும், காளிமுத்து குனிந்து கயிற்றை விட்டார். கயிறு தண்ணீரில் விழுந்து தளர்ந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினார். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அந்த வள்ளங்கள் எல்லாம் சேர்ந்து திரும்பும்வரை லோஞ்சைத் திருப்பச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அதிகாரி என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“மல்லி, கயிறு விட்ட இடம் எது?”

“தெரியாது, ஐயா.”

“எனக்கும் தெரியாது,” என்றார்.

காரைநகருக்கு வந்தபோது பொழுது பட்டிருந்தது. அதிகாரியின் அலுவலகக் குசினியில் ரொட்டியும் பருப்பும் தந்து, இரவு படுக்க இடமும் தந்தார்கள். விரல் வலித்தாலும் கரண்டி கேட்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே ஒரு பேக்கரியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

காலையில் மூட்டையோடு வாசலுக்கு வந்தபோது காவலாளி மறித்து, அதிகாரி கூப்பிடுகிறார் என்றார். அவருடைய அறையில் ஒரு பெண் நின்றார். காரைநகர்ப் பெண், பெயர் இராசம்மா. புருசனுடைய வள்ளம் காற்றில் ஒதுங்கி அக்கரைக்குப் போய், அங்கே இந்தியாவில் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். மொழிபெயர்க்க இங்கேயே இரு, நாள் சம்பளம், மதியச் சாப்பாடு, நிரந்தரமாக்க எழுதிப் போடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். பேக்கரியைப் பற்றி நான் சொல்லவில்லை. மூட்டையைச் சுவரோடு வைத்தேன்.

“அவருக்கு ஒரு கதிரை போடு,” என்றார். போட்டேன். இராசம்மா அதில் உட்காரவில்லை, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி பேனாவை எடுத்தார். பெயர் கேட்டார், வள்ளத்தின் நிறம் கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பிறகு பேனா ‘பிடித்த இடம்’ என்ற வரியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வி அது, கேட்கத்தான் வேண்டும்.

“புருசனை எந்த இடத்திலை பிடிச்சவை, அக்கா?”

“கடலிலை, தம்பி,” என்றார் அவர். “வேறை எங்கை பிடிப்பினம்?”

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி ‘கடலில்’ என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.